நாமத்தை மறக்கடித்தவள்

கிளிக்கு ‘ரங்கா’ என்று சொல்லக் கற்றுக்கொடுத்தவர்கள் ஸ்ரீரங்கத்தில் எத்தனையோ பேர். அதை மறக்கக் கற்றுக்கொடுத்தவள் ஆனந்தவள்ளி ஒருத்திதான். அதனாலேயே வடக்கு உத்தர வீதியில் இன்றைக்கும் சில பேர் அவளைக் கண்டால் முகத்தைத் திருப்பிக்கொண்டு போகிறார்கள். போகட்டும். அவளும் குனிந்துகொண்டு நடப்பதில்லை.

ஆனந்தவள்ளி பிறந்தது மருங்காபுரிப் பக்கம், வானம் பார்த்த பூமி. அஞ்சாம் வகுப்போடு படிப்பை நிறுத்திவிட்டார்கள். ஷேர் ஆட்டோ ஓட்டும் வீரமலைக்கு வாக்கப்பட்டு ஸ்ரீரங்கம் வந்தாள். வந்த மறுநாள் பெரிய பெருமாளைச் சேவித்தவள், அன்றைக்குப் பிடித்தவரை விடவில்லை. உட்கார்ந்தால் ‘ரங்கா’, எழுந்தால் ‘ரங்கா’, குடத்தை இறக்கினால் ‘அப்பா ரங்கா’. அது அவள் வாயிலிருந்து வருகிறதா மூச்சிலிருந்து வருகிறதா என்று அவளுக்கே தெரியாது.

சனிக்கிழமை சாயங்காலம் ஒரு மடத்துக் கூடத்தில் நாம சங்கீர்த்தன கோஷ்டி நடக்கும். கோமளம் மாமிதான் கோஷ்டிக்குத் தலைவி. பத்துப் பாத்திரம் தேய்த்துவிட்டு வந்து வாசலில் நின்று கேட்டுக்கொண்டிருந்த ஆனந்தவள்ளியை ஒருநாள் மாமிதான் பார்த்தாள்.

“ஏண்டிம்மா, வாசல்ல நின்னுண்டு வாயசைக்கறே? உள்ளே வந்து சத்தமாத்தான் சொல்லேன். பெருமாள் என்ன உன்னைத் தின்னுடுவாரா?”

சில பேர் நெளிந்தார்கள். மாமி கண்டுகொள்ளவில்லை. தன் பக்கத்திலேயே இடம் பண்ணிக் கொடுத்தாள். அந்த நன்றி ஆனந்தவள்ளிக்கு இன்றைக்கும் உண்டு. மாமியை அவள் எதிர்த்து நின்ற நாட்களிலும் அது குறையவில்லை. அதுதான் இந்தக் கதையில் கஷ்டமான பாகம்.

கொள்ளிடக் கரைப் பக்கம் பறவை மீட்பு மையம் ஒன்று தொடங்கினார்கள். அடிபட்ட பறவைகளையும், வீட்டிலும் கடையிலும் பிடித்து வைத்திருந்த பறவைகளையும் அங்கே கொண்டுவருவார்கள். தேறியதும் வெளியே விட்டுவிடுவார்கள். கூட்டிப் பெருக்கத்தான் ஆனந்தவள்ளியைச் சேர்த்தார்கள். அதற்கு முன்னால் ஒரு மெஸ்ஸில் காய் நறுக்கியவள் என்பது தெரிந்ததும் பழம் நறுக்கும் வேலையும் அவளிடம் வந்தது. பிறகு தட்டு கழுவுவது, தண்ணீர் மாற்றுவது, கூண்டுக்குள் வேப்பங்கொப்பு கட்டுவது என்று ஒவ்வொன்றாக அவள் கைக்கே வந்துவிட்டது. மாஞ்சா நூல் அறுத்த பருந்துக்கு அவள்தான் கறித்துண்டு வைப்பாள். வீட்டில் மரக்கறிதான். கறியைத் தொட்ட கையைச் சோப்புப் போட்டுக் கழுவிவிட்டு, “உனக்கு இதுதான் தளிகைன்னு அவர் எழுதிட்டாரு, நான் என்ன பண்ண?” என்பாள்.

ஒருநாள் காலையில் அட்டைப் பெட்டிகளில் கிளிகள் வந்து இறங்கின. வனத்துறைக்காரர்கள் வீதி வீதியாகப் போய் வீட்டுக் கிளிகளைப் பறிமுதல் செய்திருந்தார்கள். கிளி வளர்ப்பது சட்டப்படி குற்றம் என்று ஊரில் பாதிப் பேருக்குத் தெரியாது. மற்ற பாதிப் பேருக்குத் தெரிந்தும் கவலையில்லை. ஆனந்தவள்ளி ஒரு பெட்டியைத் தூக்கினாள். உள்ளிருந்து தெளிவாக ஒரு குரல்:

“ரங்கா! ரங்கா!”

அவள் பெட்டியை மெல்லக் கீழே வைத்துவிட்டுக் கையெடுத்துக் கும்பிட்டாள்.

கால்நடை டாக்டர் அஃபீஃபா சிரித்துவிட்டாள். சின்ன வயசுதான், அதிர்ந்து பேசாத பெண். “என்னம்மா, பெட்டியவா கும்பிடுறீங்க?”

“இது கோமளம் மாமி வீட்டுக் கிளி டாக்டர். வீதில போறவங்க எல்லாம் நின்னு கேட்டுட்டுப் போவாங்க.”

டாக்டர் கிளியை வெளியே எடுத்து இறக்கையை விரித்துப் பார்த்தாள். பறக்கும் இறகுகள் வரிசையாக நறுக்கப்பட்டிருந்தன. பனைப்பொந்திலிருந்து குஞ்சாக எடுத்து யாரோ விற்றது. ஒருநாள்கூடப் பறந்ததில்லை.

“இறகு வந்துடும்மா. நறுக்கினது உதிர்ந்து புதுசு முளைக்கும். பழகிட்டா பறக்கவும் பறக்கும். இந்தப் பேச்சுதான் போகணும்.”

“ஏன் டாக்டர்? நல்ல வார்த்தைதானே சொல்லுது?”

“நல்ல வார்த்தைதாம்மா. ஆனா இது தன்னையே மனுஷன்னு நெனச்சுக்கிட்டிருக்கு. இப்படியே வெளிய விட்டா மத்த கிளி கூடச் சேராது. எங்க மனுஷக் குரல் கேக்குதோ அங்க போயி இறங்கும். பூனை இல்லாத வீடா இருந்தா மறுபடி கூண்டு. பூனை இருந்தா அதோட முடிஞ்சுது.”

ஆனந்தவள்ளி கிளியைப் பார்த்தாள். அது தலையைச் சாய்த்து அவள் கையில் பழம் இருக்கிறதா என்று பார்த்தது. “ரங்கா” என்றது. பசித்தால் ரங்கா, பயந்தால் ரங்கா. நாமும் அப்படித்தானே சொல்கிறோம் என்று நினைத்தபோது அவளுக்குச் சிரிப்பு வந்தது.

மறுநாளே கோமளம் மாமி வந்துவிட்டாள். கையில் கொய்யாப்பழம். மையத்துக்குப் பொறுப்பாளர் பூவரசன் நல்ல மனுஷர். யாருக்கும் இல்லை என்று சொல்லத் தெரியாதவர். உள்ளே விட்டார். மாமியைக் கண்டதும் கிளி கம்பியைப் பிடித்துக்கொண்டு ரங்கா ரங்கா என்று கத்திய கத்தலில் மாமி அழுதே விட்டாள். அதற்கு அடுத்த நாளும் வந்தாள். அன்றைக்கெல்லாம் கிளி மற்ற கிளிகளின் பக்கமே போகாமல் கதவையே பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தது. டாக்டர் பூவரசனிடம் சொல்ல, பூவரசன் ஆனந்தவள்ளியிடம் சொன்னார்: “நீங்கதான் மாமிக்குத் தெரிஞ்சவங்க. பக்குவமா சொல்லிடுங்கம்மா.”

வாசல் கேட்டருகே நின்று ஆனந்தவள்ளி சொன்னாள். “மாமி, இனிமே பாக்க வராதீங்க மாமி. உங்களப் பாத்தா அது ஏங்கிப்போவுது.”

“ஏங்கறதோன்னோ? அப்போ என்கிட்டயே கொடுத்துடேன்.”

“குடுக்க முடியாது மாமி.”

மாமி கொய்யாப்பழத்தை நீட்டினாள். பிறகு சொன்னாள்: “அவர் போயாச்சு. பிள்ளை அமெரிக்காவில இருக்கான். என் ஆத்துல வாயத் திறந்து என்னைக் கூப்பிட்டது அது ஒண்ணுதாண்டி.”

ஆனந்தவள்ளி கையை நீட்டினாள். கொய்யாவை மட்டும் வாங்கிக்கொண்டாள். மாமி போனதும் அதை நறுக்கி எல்லாக் கிளிக்கும் பொதுவாக வைத்தாள்.

மாதங்கள் போயின. மற்ற கிளிகள் ஒவ்வொன்றாகப் பேச்சை விட்டன. ‘அக்கா வா’ என்று கொஞ்சிய கிளி விட்டது. கெட்ட வார்த்தை சொல்லி எல்லாரையும் சிரிக்கவைத்த காந்தி மார்க்கெட் கிளிகூட விட்டது. மாமி வீட்டுக் கிளி மட்டும் விடவில்லை. இறகு முளைத்துவிட்டது, பறக்கும் பெரிய கூண்டில் இந்தக் கோடிக்கும் அந்தக் கோடிக்கும் போய்வரப் பழகிவிட்டது. ஆனால் ரங்கா மட்டும் போகவில்லை.

டாக்டருக்குக் காரணம் புரியவில்லை. ஒருநாள் கூண்டுக்கு வெளியே மறைவாக நின்று பார்த்தாள். ஆனந்தவள்ளி உள்ளே போனாள். குனிந்து தண்ணீர்த் தட்டைத் தூக்கினாள். “அப்பா ரங்கா” என்று நிமிர்ந்தாள். மேலே கொப்பிலிருந்து, “ரங்கா!” என்று பதில் வந்தது. பழத்தட்டை வைத்தாள். “ரங்கா.” “ரங்கா!” ஆள் ஒரு முறை, கிளி ஒரு முறை, கோயிலில் இரண்டு வரிசையாக நின்று பாசுரத்தை மாற்றி மாற்றிச் சேவிக்கிற மாதிரி.

அவள் வெளியே வந்ததும் டாக்டர் தயங்கித் தயங்கி ஆரம்பித்தாள். “அம்மா... நீங்க அந்தத் தட்டத் தூக்கும்போது...” அதற்கு மேல் வார்த்தை வரவில்லை.

“தூக்கும்போது?”

“ஒண்ணுமில்லம்மா. விடுங்க.”

“என்னங்க டாக்டர், பாதில விடுறீங்க? தட்ட நான் எப்புடித் தூக்குறேன், குனிஞ்சு...” என்று செய்து காட்டினாள். நிமிரும்போது வாயிலிருந்து வந்தது. வந்ததும் அவளே வாயைப் பொத்திக்கொண்டாள். “அடப் பெருமாளே! நான்தானா?”

“நான் எதுவும் சொல்லலம்மா,” என்றாள் டாக்டர். கண் கலங்கியிருந்தது. “இத நான் சொன்னேன்னு ஆச்சுன்னா ஊருல வேற மாதிரிப் பேசுவாங்க.”

“நீங்க எங்க சொன்னீங்க? என் காதுக்கு என் வாயே சொல்லிருச்சு.”

அன்றைக்கு ஆரம்பித்தது பாடு. வாயை மூடிக்கொண்டு உள்ளே போவாள். நிமிர்ந்தால் தானாக வந்துவிடும். பல்லைக் கடித்துக்கொண்டு போனாள், பல்லுக்கு நடுவில் வந்தது. முந்தானையைக் கடித்துக்கொண்டு போனாள், அதற்குள்ளிருந்தும் வந்தது. கடைசியில் ஒரு வழி கண்டாள். கூண்டுக்குள் போகும் முன் ஒரு வாய் தண்ணீரை மொண்டு கன்னம் உப்ப அடக்கிக்கொள்வாள். வேலை முடித்து வெளியே வந்துதான் துப்புவாள். தண்ணீர் இருக்கிற வாயில் பேர் வராது.

கூட வேலை செய்கிற ரோசம்மாள் கேலி பண்ணாத நாளில்லை. “என்ன ஆனந்தி, கன்னம் ரெண்டும் பந்து மாதிரி? பல்லு வலியா, மாமியாகூடச் சண்டையா?” ஆனந்தவள்ளி கன்னத்தோடேயே முறைப்பாள். சிரிப்பு வந்து தண்ணீரை விழுங்கிவிட்டால் மறுபடி குழாயடிக்குப் போகவேண்டும்.

வீட்டிலும் பழக்கத்தை விடவேண்டியிருந்தது. விடியற்காலை எழுந்ததும் வாயை அடக்குவாள். வீரமலைக்கு இரண்டு நாள் ஒன்றும் புரியவில்லை.

“என்னடி இது, வீட்டுல சாமி சத்தத்தயே காணோம்? உடம்பு சரியில்லயா?”

“நல்லாத்தான் இருக்கேன். மனசுக்குள்ள சொல்லிக்கிறேன்.”

“இத்தன வருஷமா நான் கத்திக் கத்தி அடங்காத வாயி, ஒரு கிளிக்கு அடங்கிருச்சு பாரு. அந்தக் கிளிய ஒரு வாரம் நம்ம வீட்டுல கொண்டாந்து வையேன்.”

“வச்சா உங்களத்தான் மொதல்ல உள்ள புடிச்சுப் போடுவாங்க.”

தண்ணீர்கூடப் பெரிய கஷ்டமில்லை. கிளி கூப்பிடும். “ரங்கா!” என்று அவள் தலைக்கு மேலே வந்து உட்கார்ந்து கூப்பிடும். அவள் திரும்பக் கூடாது. பெருமாள் பேர் சொல்லி ஒரு உயிர் கூப்பிடுகிறது. காது கேட்காதவள் மாதிரி தட்டைக் கழுவிக்கொண்டிருக்க வேண்டும். வாயில் தண்ணீர், கண்ணிலும் தண்ணீர். ‘உன்னை இல்லேன்னு சொல்லலப்பா, இந்தக் கிளிகிட்ட இல்லாத மாதிரி நடிக்கிறேன், பொறுத்துக்கோ’ என்று உள்ளுக்குள் வேண்டிக்கொள்வாள்.

கிளி கூப்பிட்டுக் கூப்பிட்டுப் பார்த்தது. பழம் கூப்பிடாமலே வந்தது, கூப்பிட்டாலும் அதே நேரத்துக்குத்தான் வந்தது. மெல்ல மெல்லக் கூப்பிடுவது குறைந்தது. மற்ற கிளிகளின் கொப்புக்கு நகர்ந்தது. முதலில் கொத்து வாங்கியது, பிறகு திருப்பிக் கொத்தியது. ஒருநாள் வானத்தில் வல்லூறு ஒன்று வட்டமிட, எல்லாக் கிளிகளும் அலறின. கூடவே இதுவும் அலறியது. ரங்கா இல்லை. ‘கீக் கீக்’ என்று தொண்டை கிழியக் கிளியின் அலறல். ஆனந்தவள்ளிக்கு உடம்பு சிலிர்த்தது. சந்தோஷத்தில் வாய்த் தண்ணீர் முழுவதையும் விழுங்கிவிட்டாள்.

இதெல்லாம் ஊருக்குப் போகாமல் இருக்குமா? போயிற்று. போகும்போது கால் கை முளைத்துப் போயிற்று. சனிக்கிழமை கோஷ்டிக்கு அவள் போனபோது கூடம் சட்டென்று அமைதியானது.

“வாடிம்மா,” என்றாள் கோமளம் மாமி. “என் கிளிக்குப் பெருமாள் திருநாமத்தை மறக்கடிக்கறியாமே? நிஜமா?”

“ஆமாம் மாமி.”

அவள் இல்லை என்று சொல்வாள், மழுப்புவாள் என்று எல்லாரும் நினைத்திருந்தார்கள்.

“ஆமாங்கறாளே!” என்றாள் ஒருத்தி. “நாக்கு கூசலையா? ஒரு பட்சி தானா நாமம் சொல்றது, பூர்வ ஜன்மப் புண்ணியம்...”

“எல்லாம் அந்த டாக்டர் பண்ற வேலை,” என்றாள் இன்னொருத்தி, குரலைத் தாழ்த்தி. “பேரைக் கேட்டேளோன்னோ? அவாளுக்கு இந்த நாமம் காதுல விழுந்தா ஆகுமா? இவளை வெச்சு...”

அதுவரை கையைக் கட்டிக்கொண்டு நின்ற ஆனந்தவள்ளிக்கு அங்கேதான் சுருக்கென்றது.

“அந்தப் புள்ள வாயே தொறக்கலங்க,” என்றாள். கூடம் முழுக்கக் கேட்டது. “சொல்ல வந்துட்டு, நம்ம மனசு நோவுமேன்னு பாதில நிறுத்திடுச்சு. அடிபட்டு வர்ற கருடனுக்கு ராத்திரி பகலாத் தையல் போடுறது அந்தப் புள்ளதான். மறக்கடிச்சது நான். என் பேரச் சொல்லுங்க. அதுமேல பழி போடாதீங்க.”

“அபசாரம்டி!” என்றாள் மாமி. “பெத்த தாயார் மாதிரி நான் சொல்லிக் கொடுத்தது. ஆண்டாள் திருக்கையிலயே கிளி இருக்கு, தெரியுமோ நோக்கு?”

“தெரியும் மாமி. வில்லிபுத்தூர் போயி சேவிச்சிருக்கேன். அது இலையில பண்ணுன கிளி. மாதுளம்பூவுல மூக்கு. தெனம் புதுசாப் பண்றாங்க. ஆண்டாளே உசுருள்ள கிளியப் புடிச்சு இறக்கைய நறுக்கி வச்சுக்கல. நமக்கு எதுக்கு மாமி?”

யாரோ களுக்கென்று சிரித்துவிட்டு அடக்கிக்கொண்டார்கள். மாமியின் முகம் சிவந்தது.

“வாயாடறா பாரு. பகவான் பேரை ஒரு ஜீவன்கிட்டேருந்து பிடுங்கறது பாவம் இல்லையா?”

“மாமி, அதுக்கு அவரு ஒரு குரல் குடுத்து அனுப்புனாரு. கீக் கீக்னு. அத அது சுத்தமா மறந்துபோயி வந்துச்சு. மொதல்ல மறக்கடிச்சது யாரு? அத மட்டும் சொல்லுங்க. ரெண்டுல எது அபசாரம்னு அவரையே கேட்டுக்குவோம்.”

அன்றைக்கு மாமிக்குப் பக்கத்தில் அவளுக்கு இடம் இல்லை. பாயில் உட்கார்ந்திருந்தவர்கள் நகரவில்லை. ஆனந்தவள்ளி கொஞ்ச நேரம் நின்று பார்த்துவிட்டு வெளியே வந்தாள். வழியெல்லாம் அழுதாள் என்று ரோசம்மாள் சொல்வாள். அவளைக் கேட்டால், “கண்ணுல தூசி” என்பாள்.

அதோடு விட்டிருந்தால் பரவாயில்லை. கோஷ்டியிலிருந்து நாலு பேர் மையத்துக்கே போய்ப் பூவரசனைப் பார்த்தார்கள். அந்தக் கிளியை மட்டும் வெளியே விடவேண்டாம், வாசல் பக்கம் அழகாக ஒரு கூண்டு வைத்தால் ஜனங்கள் வந்து பார்த்து நாமத்தைக் கேட்டுவிட்டுப் போவார்கள், மையத்துக்கும் நல்ல பேர், டாக்டரைப் பற்றிப் பேசுகிற பேச்சும் அடங்கும் என்றார்கள். கடைசியாகச் சொன்னதுதான் பூவரசனைக் கலக்கிவிட்டது. கூண்டு வந்து இறங்கியது. பித்தளைக் குமிழ் வைத்த வளைவுக் கூண்டு.

காலையில் வேலைக்கு வந்த ஆனந்தவள்ளி அதைப் பார்த்தாள்.

“என்னங்க சார் இது?”

“ஒரு கிளிதானேம்மா,” என்றார் பூவரசன், அவளைப் பார்க்காமல். “மத்தது எல்லாத்தயும் விடத்தான் போறோம். இது ஒண்ண விட்டுக்குடுத்தா ஊரு வாய மூடிக்கும். பாவம், டாக்டரம்மாவுக்கும் நிம்மதி.”

ஆனந்தவள்ளி குழாயடிக்குப் போகவில்லை, தண்ணீர் மொள்ளவில்லை. பெரிய கூண்டின் கதவில் முதுகைச் சாய்த்துக் கீழே உட்கார்ந்துகொண்டாள்.

“என்னம்மா பண்றீங்க?”

“உக்காந்திருக்கேன் சார்.”

“எந்திரிங்கம்மா, சின்னப் புள்ளை மாதிரி...”

“சார், நாமம் கேக்கணும், அவ்வளவுதானே? அந்தக் கிளிய விட நான் நல்லாச் சொல்லுவேன். வாசல்ல எனக்கு ஒரு கூண்டு வைங்க. பித்தளைக் குமிழுகூட வேணாம். காலைலேருந்து சாயங்காலம் வரைக்கும் உள்ள உக்காந்து ரங்கா ரங்கான்னு சொல்றேன். வர்றவங்க எனக்குக் கொய்யாப்பழம் குடுக்கட்டும். கிளிய விட்டுருங்க.”

ரோசம்மாள் துடைப்பத்தைப் போட்டுவிட்டுச் சிரித்தாள். பூவரசனுக்கும் சிரிப்பு முட்டியது. ஆனந்தவள்ளி சிரிக்கவில்லை.

“வேலைய விட்டுத் தூக்குறதுன்னாலும் தூக்குங்க. ஆனா இந்தக் கதவு நான் எந்திரிச்சாத்தான் தொறக்கும்.”

அந்த நேரத்துக்கு டாக்டர் அஃபீஃபா ஸ்கூட்டரில் வந்து இறங்கினாள். நடந்ததைக் கேட்டாள். பொதுவாக மெதுவாகப் பேசுகிறவள். அன்றைக்கும் மெதுவாகத்தான் பேசினாள். “சார், என்னைப் பத்தி என்ன வேணா பேசட்டும் சார். எனக்காக ஒரு பறவைய உள்ள போடாதீங்க. பறக்கத் தெரிஞ்சதக் காட்சிக்கு வைக்கக் கூடாதுன்னு நம்ம சட்டமே சொல்லுது. இது பறக்காதுன்னு எழுதிக் கேட்டா நான் எழுதித் தர மாட்டேன்.” சொல்லிவிட்டு ஆனந்தவள்ளியின் பக்கத்தில் வந்து அவளும் தரையில் உட்கார்ந்துகொண்டாள்.

“டாக்டர், சுடிதார் அழுக்காவுது.”

“ஆவட்டும்மா.”

பூவரசன் இரண்டு பேரையும் மாறி மாறிப் பார்த்தார். வளைவுக் கூண்டைத் தானே தூக்கிக்கொண்டு போய்ப் பின்பக்கம் போட்டார். “ரெண்டு பேரும் எந்திரிங்க. உங்களுக்குக் கூண்டு செய்ய நம்மகிட்ட கம்பி பத்தாது,” என்றார்.

ஆனி மாதம், வேப்பம்பழம் கொத்துக் கொத்தாகப் பழுத்திருந்த சமயத்தில் நாள் குறித்தார்கள். விடியலில் கொள்ளிடக் கரைப் பனைகளிலிருந்து காட்டுக் கிளிக் கூட்டம் கத்திக்கொண்டு கிளம்பும். அந்த நேரம் பெரிய கூண்டின் மேல்மூடியைத் திறந்தார்கள். எல்லாரும் தள்ளி நின்றார்கள். ஒவ்வொன்றாக வெளியே வந்தன. கூண்டு மேலே உட்கார்ந்தன, இறகை நீவின, தாவின, போயின. மாமி வீட்டுக் கிளி கடைசிக்கு முன்னால் வந்தது. பக்கத்து வேப்பமரத்தில் தாழ்வான கொப்பில் போய் உட்கார்ந்தது.

வேலிக்கு அந்தப் பக்கம் கோமளம் மாமி நின்றாள். யார் சொல்லி வந்தாளோ. ஈரத் தலையோடு, பட்டுப் புடவையோடு, கோயிலுக்குப் போகிற வழியில் வந்தவள் மாதிரி.

“ரங்கா!” என்று கூப்பிட்டாள் மாமி. குரல் உடைந்திருந்தது. “வாடா கண்ணு! ரங்கா!”

கிளி கழுத்தைத் திருப்பியது. அப்படியே அசையாமல் பார்த்தது. பிறகு ஒரு கொப்பு கீழே இறங்கியது. வேலிப் பக்கமாக இன்னொரு கொப்பு.

டாக்டர் மூச்சை அடக்கிக்கொண்டு நின்றாள். பூவரசன் “அய்யய்யோ” என்றார். இறங்கிவிட்டால் இத்தனை மாதமும் வீண். ஆனந்தவள்ளியின் கை யோசிக்கவில்லை. மருங்காபுரிச் சோளக்கொல்லையில் பரண் மேல் நின்று கிளி விரட்டிய கை அது. குனிந்தாள், ஒரு மண்ணாங்கட்டியை எடுத்தாள், வீசினாள்.

“ஆலோ... ஆலோலோ... ஓடு! போ! போயித் தொலை!”

கட்டி கிளிக்கு ஒரு முழம் தள்ளிக் கொப்பில் பட்டுப் பொடியாய்ச் சிதறியது. கிளி அலறி எழுந்தது. மறுபடி ஒரு கட்டி. அவள் கத்திய கத்தலில் பக்கத்து மரத்துக் காக்கைகளும் எழுந்தன. கிளி பனை உயரத்துக்குப் போனது, தலைக்கு மேல் கத்திக்கொண்டு போன கூட்டத்துக்குள் புகுந்தது. எது அது, எது மற்றது என்று அதற்குப் பிறகு யாராலும் சொல்ல முடியவில்லை.

மாமி வேலிக் கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றாள். “படுபாவி,” என்றாள். “நாமம் சொன்ன பட்சியைக் கல்லால அடிச்சுட்டியேடி.”

ஆனந்தவள்ளிக்கு மூச்சு வாங்கியது. கை முழுக்க மண். மாமி போய்விட்டாள்.

அதற்கு அடுத்த சனிக்கிழமை ஆனந்தவள்ளி குளித்தாள், திருமண் இட்டுக்கொண்டாள், மடத்துக்குக் கிளம்பினாள்.

“எங்க?” என்றான் வீரமலை.

“கோஷ்டிக்கு.”

“அங்கதான் உனக்கு இடமில்லன்னு ஆயிருச்சே. அவமானப்பட்டுட்டு வரவா?”

“இடம் பெருமாளுதுங்க. அவரு எந்திரிச்சுப் போன்னு சொல்லட்டும், எந்திரிச்சு வரேன்.”

கூடத்தில் அதே பேர்கள். அதே அமைதி. பாயில் யாரும் நகரவில்லை. அவள் வெறுந்தரையில், எல்லாருக்கும் எதிரே, மாமியின் கண்ணுக்கு நேராக உட்கார்ந்தாள்.

“கல்லெறிஞ்ச கையோட வந்திருக்கா பாருங்கோ,” என்றாள் மாமி.

“கல்லு இல்ல மாமி. மண்ணாங்கட்டி. உங்க மேலயும் கோவம் இல்ல, அது மேலயும் இல்ல. நாளைக்கே வந்து உங்க வீட்டு மாடில உக்காந்துச்சுன்னா, சொல்லி அனுப்புங்க. வந்து மறுபடியும் எறிவேன். தனியா இருக்க முடியலன்னாலும் சொல்லி அனுப்புங்க. அதுக்கும் வருவேன். கிளிய மட்டும் கேக்காதீங்க.”

மாமி முகத்தைப் புத்தகத்தில் கவிழ்த்துக்கொண்டாள். கோஷ்டி தொடங்கவேண்டிய நேரம் தாண்டிவிட்டது. முதலடியைத் தலைவிதான் எடுக்கவேண்டும், மற்றவர்கள் பின்னால் சொல்லவேண்டும் என்பது அங்கே வழக்கம். மாமி எடுக்கவில்லை. ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். வெளியே யாரோ சைக்கிள் மணி அடித்துக்கொண்டு போனார்கள்.

ஆனந்தவள்ளி காத்திருக்கவில்லை. கண்ணை மூடிக்கொண்டு முதலடியை அவளே எடுத்தாள். கூடம் வாயைத் திறக்கவில்லை. இரண்டாம் அடியையும் அவளே சொன்னாள்.